படகைக் காக்கும் ரப்பர் குழாய்

ஓசூரில் கடல் இல்லை. சென்னைக் கடற்கரைக்குப் போக வேண்டுமானால் சுமார் 300 கிலோ மீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

ஆனாலும் ஓசூருக்கும் கடலுக்கும் ஓர் உறவு உண்டு. அது என்ன உறவு?

என்ஜின் உறவுதான்!

1948-ல் சென்னையில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, 1955-ல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1980-ல் ஓசூரிலும் தொழிற்சாலை திறந்தது. இந்தக் கம்பெனியின் டீசல் என்ஜின்கள் லாரி, பஸ்களில் மட்டும் அல்ல, மீன்பிடி விசைப்படகுகளிலும் ஓடுகின்றன.

400 டிகிரி சூடு

லாரியின் புகைக்குழாய் வெட்டவெளியில் இருக்கிறது. ஓடும்போது காற்று படும். படகிலோ என்ஜின் மூடிய அறைக்குள் இருக்கிறது. பக்கத்திலேயே மரம், டீசல். என்ஜினை விட்டு வெளிவரும் புகையின் சூடு 400 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும்!

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இரும்புக் குழாயில் சூடு தாங்கும் உறை சுற்றி, புகையை மேலே விடுவது. மற்றொன்று, புகையோடு கடல் நீரைக் கலப்பது.

இரண்டாவது வழியில், ஒரு பம்பு கடல் நீரை இழுக்கிறது. என்ஜினைக் குளிர வைத்த பிறகு, அந்த நீர் புகையோடு சேருகிறது. சூடு சட்டென்று இறங்குகிறது. அதன் பிறகு ரப்பர் குழாயே போதும். நீரும் புகையும் படகின் பின்பக்கம் வெளியேறும்.

மாட்டுவது எப்படி?

தோட்டத்து ரப்பர் குழாய் இதற்கு உதவாது. இதில் பல அடுக்குத் துணியும், நடுவே சுருள் எஃகுக் கம்பியும் இருக்கும். வளைக்கும்போது குழாய் நசுங்காமல் கம்பி காக்கிறது. நசுங்கினால் புகை அடைபடும், என்ஜின் திணறும்.

குழாயை நேராக அறுக்க வேண்டும். அறுத்த இடத்தில் தெரியும் கம்பி நுனியை ரப்பர் பசையால் மூட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு நீர் பட்டுத் துருப்பிடிக்கும்.

மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தடவலாம். எண்ணெய் கூடாது, அது ரப்பரைக் கெடுக்கும்.

ஒவ்வொரு முனைக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகள் இரண்டு போட வேண்டும். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். ரப்பரை வெட்டும் அளவுக்கு முறுக்கக் கூடாது. என்ஜினை விட்டுக் குழாய் கீழ்நோக்கிச் சரிய வேண்டும். மேல்நோக்கிப் போனால், நீர் திரும்பி என்ஜினுக்குள் புகுந்துவிடும்.

கவனம் தேவை!

குழாய் கழன்றால் என்ன ஆகும்? பம்பு இழுக்கும் கடல் நீர் படகுக்குள்ளேயே கொட்டும். புகையும் உள்ளே பரவும். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார்.

பம்பு நின்றாலும் ஆபத்துதான். நீர் வராவிட்டால் குழாய் சில நிமிடங்களிலேயே கருகத் தொடங்கும்.

ஆகவே என்ஜினை ஓட விட்டதும் பின்பக்கம் பாருங்கள். புகையோடு நீர் வருகிறதா? வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். குழாயைக் கையால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலும், வெடிப்பு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கரையில் 5 நிமிடம் பார்த்தால், நடுக்கடலில் தவிக்க வேண்டியது இல்லை.