அந்தியூர்த் தோப்பில் குதிரைகளோடு ஓர் இரவு

"அம்மா, குதிரை நின்னுக்கிட்டேதான் தூங்குமாம். நிஜமா?"

ஆறாவது படிக்கும் என் மகன் இப்படிக் கேட்டபோது நான் தோசைக்கு அரைத்துக் கொண்டிருந்தேன். பதில் தெரியவில்லை. "உங்கப்பாவைக் கேள்" என்று தள்ளிவிட்டேன். அவருக்கும் தெரியவில்லை!

எங்கள் ஊர் வல்லம் வடகால். ஏரியும் வயலுமாக இருந்த இடம். இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சிப்காட் தொழிற்சாலைகள்தான். 2017 முதல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள் இங்கேயும் தயாராகின்றன. வேலைக்கு வரும் பெண்களுக்காக 18,720 பேர் தங்கும் விடுதி ஒன்றை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். வண்டிகளின் 'குதிரைத் திறன்' பற்றி எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மணிக்கணக்கில் பேசுவார்கள். நிஜக் குதிரையை மட்டும் பார்த்ததில்லை. பக்கத்துக் கிராமத்து ஐயனார் கோயில் மண் குதிரைதான் என் மகனுக்குத் தெரிந்த ஒரே குதிரை.

ஆடி மாதம் நாத்தனார் வீட்டுக்குக் கோபிச்செட்டிபாளையம் போயிருந்தோம். "அந்தியூரில் குதிரைச் சந்தை நடக்குது அண்ணி, பையனைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் நாத்தனார். அவள் கணவருக்குத் தெரிந்த ஒரு குடும்பம் தாராபுரம் பக்கத்திலிருந்து குதிரை கொண்டு வந்திருந்தது. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்று கிளம்பினோம். திரும்பியது மறுநாள் மத்தியானம்!

அந்தியூர் ஈரோட்டிலிருந்து பவானி வழியாகச் சுமார் 30 கிலோ மீட்டர். பர்கூர் மலையின் அடிவாரம். ஊரை ஒட்டிய புதுப்பாளையத்தில் குருநாதசுவாமி கோயில் இருக்கிறது. ஆடித் திருவிழாவில் சுவாமிகளை 'மகமேரு' என்னும் உயரமான தேர்களில் வைத்து, சக்கரம் இல்லாமல் தோளிலேயே சுமந்து, வனக்கோயிலுக்குக் கொண்டு போகிறார்கள். அந்தத் திருவிழாவை ஒட்டித்தான் சந்தை. திப்பு சுல்தான் காலத்தில் படைக்குக் குதிரை வாங்க வந்த இடம் என்று சொல்கிறார்கள். தமிழ்நாடு மட்டுமல்ல, கர்நாடகம், கேரளம், ஆந்திராவிலிருந்தும் வருகிறார்கள். நான்கு நாளும் குதிரைகளோடு தோப்பிலேயேதான் வாசம். மரத்தடியில் தார்ப்பாய், மூன்று கல் அடுப்பு, கயிற்றுக் கட்டில், அந்தக் கட்டிலுக்கு நாலு முழம் தள்ளிக் குதிரை. அவ்வளவுதான் குடித்தனம்.

எத்தனை விதமான குதிரைகள்! பால் வெள்ளையாக, மூக்கு மட்டும் இளஞ்சிவப்பாக இருப்பது நுக்ரா. காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகிற மாதிரி இருந்தால் குஜராத்தின் கத்தியவாரி அல்லது ராஜஸ்தானத்து மார்வாரி. மேளச் சத்தத்துக்குக் கால் மாற்றி ஆடுகிற குதிரையைச் சுற்றி ஒரே கும்பல். வாங்குகிறவர்கள் பல்லைப் பார்த்து வயசைக் கணக்கிடுகிறார்கள். உடம்பில் இருக்கும் சுழி ஒவ்வொன்றையும் பார்க்கிறார்கள். (பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை பார்க்கவில்லை.) விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் தரகரும் வாங்குபவரும் விரலைப் பிடித்துப் பேசிக் கொள்கிறார்கள்.

நாங்கள் தேடிப் போன குடும்பம் ஒரு புளியமரத்தடியில் இருந்தது. அந்த அம்மாவுக்கு என்னைவிட நாலைந்து வயசு குறைவு. "வாங்கக்கா, வெயில்ல வந்திருக்கீங்க, மொதல்ல மோர் குடிங்க" என்று சொம்பை நீட்டினாள். அவர்களிடம் இரண்டு நாட்டுக் குதிரைகள். அதில் செந்நிறப் பெண் குதிரையை விற்க முடிவு செய்திருந்தார்கள். மூத்த பெண் நர்சிங் இரண்டாம் வருஷம். பீஸ் கட்ட ஆவணி வரைதான் தவணை. "குட்டியிலயிருந்து நானே வளர்த்ததுங்கக்கா. ஆனா பொண்ணு படிப்பு நிக்கக் கூடாதில்லீங்களா?" என்றாள். மறுநாள் காலை ஒருவர் முன்பணத்தோடு வருவதாகப் பேச்சு.

என் மகன் அந்தக் குதிரையை விட்டு நகரவில்லை. அவள்தான் அவனுக்குப் பாடம் எடுத்தாள். குழந்தைகளை அழைத்துப் போகிற தாய்மார்களுக்கும் இது உதவும். குதிரைக்குப் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். நேர் பின்னாலும் மூக்குக்கு அடியிலும் தெரியாது. அதனால் பின்பக்கமாகப் போகவே கூடாது. குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாகப் போக வேண்டும். காதைப் பின்னால் மடக்கிக் கொண்டால் கோபம், விலகிவிட வேண்டும். தீனி கொடுத்தால் விரல்களை ஒட்டி விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் விரலும் சேர்ந்து போகும்.

இருட்டியதும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டோம். "இங்கயே படுத்துக்குங்க" என்றாள். கல் அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். இரண்டு ஆழாக்கு அரிசிக்கு அரை ஆழாக்குத் துவரம் பருப்பு. கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, ஒரு கை சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி, மஞ்சள் தூள் போட்டு, ஒன்றுக்கு மூன்றாகத் தண்ணீர் ஊற்றிக் கொதித்ததும் அரிசி, பருப்பைப் போட்டுக் குழைய விட வேண்டும். இறக்கும்போது நெய். விறகடுப்பில் வந்த ருசி குக்கரில் வருமா என்று தெரியாது. நான் செய்ததில் வரவில்லை.

சாப்பாட்டுக்கு முன் சோப்பைத் தேடி எடுத்து எல்லோரையும் கை கழுவ வைத்தேன். என் கணவர் சிரித்தார். சிரிக்கிற விஷயமல்ல. ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் குதிரை லத்தியிலும் இருக்கும். காலில் சின்ன ஆணிக் கீறல் போதும். இந்த மாதிரி இடங்களுக்குப் போகுமுன் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று பாருங்கள். குழந்தைகளைச் செருப்பில்லாமல் விடாதீர்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வைக்கோல் தூசிக்குப் பக்கத்தில் படுக்க வைக்காதீர்கள். வெயிலில் வயிற்றுப்போக்கு வந்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து அடிக்கடி கொடுங்கள். அதிகம் போடுவது நல்லது என்று உப்பைக் கூட்டக் கூடாது.

தோப்பில் படுப்பதென்றால் எனக்குப் பாம்பு பயம். டார்ச் இல்லாமல் அடி எடுத்து வைக்கவில்லை. பாம்புக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. எங்கள் பக்கத்து மாவட்டத்தில், மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலு பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொடுப்பது அவர்கள்தான். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஊசி போட்டு, அதன் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புச் சத்தைப் பிரித்தெடுத்துத்தான் ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு மருந்து தயாராகிறது. யாரையாவது பாம்பு கடித்தால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடித்த இடத்தை அசைக்காமல், நடக்க விடாமல், நேராக அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இராத்திரி பதினோரு மணி இருக்கும். கண் அசந்திருந்தேன். "ஏனுங்க, எந்திரிங்க, குதிரைக்கு என்னமோ பண்ணுது!" என்று அவள் குரல். அந்தச் செந்நிறக் குதிரை முன்னங்காலால் மண்ணைப் பறித்தது. தலையைத் திருப்பித் திருப்பி வயிற்றைப் பார்த்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்தது. உடம்பெல்லாம் வியர்வை. "வயித்து வலிங்க" என்றாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வரும் வழியில் வாங்கிய பன் பாக்கெட்டுகள் மூன்று. பாத்திரத்தில் மீந்த புளியோதரை. மாலையில் பையைத் திறந்தபோது இரண்டையும் காணோம். நாய் தின்றிருக்கும் என்று நினைத்துவிட்டேன். மகனைப் பார்த்தேன். போர்வைக்குள் உட்கார்ந்து அழுது கொண்டிருந்தான்.

சந்தைக்கு வந்திருந்த கால்நடை டாக்டரைக் கூட்டி வந்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, "வழக்கமா இல்லாததை எதையாவது தின்னுச்சா?" என்றார். அந்த அம்மா, "இல்லீங்க, அருகம்புல்லு, சோளத்தட்டு, ஊற வச்ச கொள்ளு, அவ்வளவுதானுங்க" என்றாள். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த நிமிஷம் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் என்ன ஆகும், குதிரைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாம் எப்படி ஈடு கட்டுவது என்று மனசு கணக்குப் போட்டது. எனக்கு முன்னால் என் மகன் எழுந்து வந்தான். "நான் பன்னு குடுத்தேன் சார். புளி சாதமும் குடுத்தேன். அதுக்குப் புடிச்சிருந்துச்சு" என்றான்.

அவளும் திட்டவில்லை, அவள் வீட்டுக்காரரும் திட்டவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டாக்டர் மட்டும், "சொன்னது நல்லதாப் போச்சு தம்பி" என்று வேலையைப் பார்த்தார். ஊசி போட்டார், மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தினார். குதிரையால் வாந்தி எடுக்க முடியாதாம். அவ்வளவு பெரிய உடம்புக்கு இரைப்பை மிகச் சின்னது. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த வயிறு. மாவுப் பண்டம் ஒரேயடியாகப் போனால் புளித்து வாயு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. லாரியில் வரும்போது தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தாலும் இப்படி வருமாம். "பன்னு மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன்" என்றார், என் மகனைப் பார்த்து. நல்ல மனுஷர்.

தீனி கிடையாது. புரள விடாமல் மெதுவாக நடத்த வேண்டும். அந்த அம்மாவும் அவள் வீட்டுக்காரரும் மாறி மாறி நடத்தினார்கள். மூன்று மணி சுமாருக்கு நான் கயிற்றை வாங்கினேன். குதிரைக் கயிறு பிடிப்பது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. அதன் மூச்சு என் கழுத்தில் சுடச்சுடப் பட்டது. பயம் போய்விட்டது. தோப்பு முழுக்க மற்றக் குதிரைகள் நின்றபடியே கண் மூடியிருந்தன. முழங்காலைப் பூட்டிக் கொள்ளும் அமைப்பு அவற்றுக்கு உண்டு. அதனால் நின்றுகொண்டே உறங்கலாம். ஆனால் ஆழ்ந்து தூங்க, கொஞ்ச நேரமாவது படுத்துத்தான் ஆக வேண்டுமாம். என் மகன் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

விடிய ஒரு நாழிகை இருக்கும்போது குதிரை நின்று, வாலைத் தூக்கி, லத்தி போட்டது. அவள் 'குருநாதசாமீ!' என்று கும்பிட்டாள். நான் அவளைக் கட்டிக் கொண்டேன். லத்தியைப் பார்த்துக் கண்ணீர் விட்ட இரண்டு பெண்களை அன்று அந்தியூர் பார்த்தது.

ஏழு மணிக்குத் தரகர் அந்த ஆளோடு வந்துவிட்டார். குதிரை தெளிவாக நின்றது. ஒன்றும் சொல்லாமல் விட்டிருந்தால் வியாபாரம் முடிந்திருக்கும். அவள் முன்னால் போய், "ராத்திரி வயித்து வலி வந்துச்சுங்க, டாக்டர் பாத்துட்டாரு. தெரிஞ்சே வாங்கிக்குங்க" என்றாள். வந்தவர் முகம் மாறியது. "நாளைக்குப் பார்ப்போம்" என்று போய்விட்டார். தரகர் தலையில் அடித்துக் கொண்டார்.

என் கணவர் பையிலிருந்த பணத்தை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. "கொழந்த தெரியாம செஞ்சதுக்குப் பணம் வாங்குவாங்களா? வேணும்னா ஒரு மூட்டை கொள்ளு வாங்கிப் போடுங்க" என்றாள். அந்தியூர்க் கடையில் கொள்ளும், குதிரைக்குப் புது கயிறும் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் என் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை.

அமெரிக்காவில் குதிரையோடு காட்டில் தங்குகிறவர்களுக்கென்றே தனி முகாம் இடங்கள் உண்டு. கயிறு மரப்பட்டையை அறுக்காமல் இருக்க, அகலப் பட்டையைச் சுற்றி, இரண்டு மரங்களுக்கு நடுவே தலைக்கு மேல் கயிறு இழுத்து அதில் குதிரையைக் கட்டுகிறார்கள். பல இடங்களில் களை விதை கலக்காத வைக்கோல்தான் உள்ளே போகலாமாம். அவற்றோடு இன்னொரு விதியையும் சேர்க்கலாம்: வேடிக்கை பார்க்க வரும் குடும்பம் தன் சாப்பாட்டுப் பையைப் பூட்டி வைக்க வேண்டும்!

நாலாம் நாள் நாத்தனார் வீட்டுப் போன் அடித்தது. அவள்தான். "வித்தாச்சுங்கக்கா. வேற ஒருத்தருக்கு. பேசுனதுக்குக் கொஞ்சம் கொறைச்சல்தான், பீஸுக்குப் பத்தும். தம்பி பக்கத்துல இருக்குதுங்களா?"

போனை மகனிடம் கொடுத்தேன். அந்தப் பக்கம் அவள் சொன்னது எனக்கும் கேட்டது. "கண்ணு, வாங்கிட்டுப் போனவருகிட்ட எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். அதுக்குப் பன்னுன்னா உசுரு, கண்ணுலயே காட்டிப் போடாதீங்கன்னு."

மூன்று நாளுக்கு அப்புறம் அன்றுதான் அவன் சிரித்தான்.