கழுவிய காயத்துக்கே அயடின்

பெல்மதுளைத் தோட்டங்களில் கவ்வாத்துக் கத்தி வழுக்கிக் கை வெட்டுப்பட்டாலும், ரப்பர் பால் வெட்டும்போது விரல் அறுபட்டாலும், மாணிக்கக் குழியில் கல் காலைக் கிழித்தாலும் டிஸ்பென்சரியில் பெரும்பாலும் பூசப்படுவது ஒரு கபில நிறத் திரவம்தான். அதன் பெயர் பொவிடோன் அயடின். பீட்டாடின் என்ற வணிகப் பெயரே பலருக்குப் பழக்கம்.

1811இல் பிரான்சில் கடற்பாசிச் சாம்பலிலிருந்து வெடியுப்பு எடுத்துவந்த பெர்னார்ட் குர்த்துவா, அமிலம் கூடிப்போனதால் எழுந்த ஊதா நிற ஆவியில் அயடினைக் கண்டார். பின்னர் அதை மதுசாரத்தில் கரைத்துக் காயங்களுக்குப் பூசினார்கள். கிருமி செத்தது, நோயாளியும் எரிச்சலில் துடித்தார். 1955இல் அமெரிக்காவில் உருவான பொவிடோன் அயடின் இந்தக் குறையைப் போக்கியது. பொவிடோன் என்னும் பொருள் அயடினைப் பிடித்து வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகிறது. 10 சதவீதக் கரைசலில் பயன்படக்கூடிய அயடின் 1 சதவீதம்தான். பக்டீரியா, பூஞ்சை, பல வைரஸ்கள் ஆகியவற்றின் புரதங்களைச் சிதைக்க அதுவே போதும்.

ஆனால் இரத்தம், சீழ், சேறு மூன்றும் அயடினைத் தின்றுவிடும். மண் ஒட்டிய காயத்தில் மருந்தை ஊற்றுவது வீண் செலவு. ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, மெல்லிய படலமாகப் பூசி, இரண்டு மூன்று நிமிடம் தானாகக் காயவிட வேண்டும். பூசிய நிறம் வெளிறினால் மருந்தின் வலு குறைந்துவிட்டது என்று பொருள். நாய் கடித்தால் சவர்க்காரமும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிய பிறகே அயடின். அதன் பின் தாமதமின்றி வைத்தியசாலைக்குப் போய் விசர்நாய்க்கடித் தடுப்பூசி போட வேண்டும்.

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசியும், ஏனெனில் அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. அங்கே முதல் மருந்து, கழுவிவிட்டுத் துணியால் அழுத்திப் பிடிப்பதுதான். மழைக்காலச் சேற்றுப்புண் பெரும்பாலும் பூஞ்சையால் வருவது. விரலிடுக்கு ஈரமாகவே இருந்தால் எந்த மருந்தும் பலன் தராது.

தைரொயிட் நோயாளர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து பூசக் கூடாது. பச்சிளம் குழந்தைக்கும் பெரிய தீக்காயத்துக்கும் வீட்டில் பூசவே வேண்டாம். தோல் வழியே அயடின் உடலுக்குள் சென்றுவிடும். ஆழமான குத்துக் காயத்துக்கு ஏற்பு ஊசி வேண்டும். சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, நீரிழிவுக்காரரின் காலில் புண் வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பெல்மதுளை அடங்கிய இரத்தினபுரி மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் அதிகம். வெடிப்பு விழுந்த காலோடு குழி நீரில் இறங்குபவரை அந்தக் காய்ச்சலிலிருந்து அயடின் காப்பாற்றாது. அதற்கான டொக்சிசைக்ளின் மாத்திரையைப் பற்றி, வேலைக்கு இறங்கும் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள்.