இரண்டாண்டுக் கணக்கு: ஸ்நூக்கர் தரவரிசைப் போட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி., இயற்பியல்)

விளையாட்டு என்றவுடன் நம் கல்லூரி மாணவர் மனத்தில் தோன்றுவன கிரிக்கெட்டும் கபடியும் கைப்பந்துமே. மேசைமேல் பந்துகளை உருட்டி ஆடும் ஸ்நூக்கரைப் பற்றிக் கேட்டால், "அது பணக்காரர் ஆட்டம்" என்று ஒரே வரியில் பதில் வந்துவிடும். நானும் அப்படிச் சொல்லியிருப்பேன். ஆனால் என் தந்தை ஒரு மனமகிழ் மன்றத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மார்க்கராகப் பணிபுரிகிறார். மேசையின் பச்சைத் துணியைத் துலக்குவதும், ஆடுவோரின் புள்ளிகளை எண்ணிப் பலகையில் காட்டுவதும் மார்க்கரின் வேலை. அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். இந்த ஆட்டத்தை அவருடைய பேச்சிலிருந்தே முதலில் அறிந்தேன். பிறகு படித்தும் தெரிந்துகொண்டேன். இதில் தரவரிசைப் போட்டி என்பது என்ன, அது எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இங்கே விளக்க விழைகிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். மேசை ஏறத்தாழ 12 அடி நீளம், 6 அடி அகலம். அதில் ஆறு பைகள். சிவப்புப் பந்துகள் 15, பிற வண்ணப் பந்துகள் 6, கோலால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்து ஒன்று, ஆக 22. சிவப்புக்கு ஒரு புள்ளி. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. ஒரு சிவப்பை வீழ்த்தினால் அடுத்து ஒரு வண்ணப் பந்தை வீழ்த்த வேண்டும். அந்த வண்ணப் பந்து மீண்டும் மேசைக்கு வரும். வீழ்ந்த சிவப்பு வராது. சிவப்புகள் தீர்ந்தபின் வண்ணப் பந்துகளை மஞ்சள் முதல் கறுப்பு வரை வரிசையாக வீழ்த்த வேண்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் பின் கறுப்பையே வீழ்த்தினால் 15 முறை 8 புள்ளி, அதாவது 120. கடைசி ஆறு பந்துகளுக்கு 27. கூட்டினால் 147. இதுவே ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய நிறைவான எண்ணிக்கை எனப் போற்றப்படுகிறது. இப்படி ஒரு முறை மேசையைத் தீர்ப்பது ஒரு ஃப்ரேம். பல ஃப்ரேம்கள் சேர்ந்தது ஓர் ஆட்டம்.

இந்த ஆட்டம் பிறந்தது நம் நாட்டில்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1875-இல் ஜபல்பூரில் இருந்த நெவில் சேம்பர்லின் என்ற ஆங்கிலப் படை அதிகாரி இதை உருவாக்கினார் என்பர். பின்னர் 1880-களில் உதகமண்டலத்தில் இதன் விதிகள் முறைப்படுத்தப்பட்டு, ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டப்பட்டன. "ஸ்நூக்கர்" என்ற சொல்லுக்கு அக்காலப் படைப்பள்ளியில் முதலாண்டு மாணவன் என்று பொருள்! ஒன்றும் தெரியாத புதியவன் என்ற கேலிப் பெயரே ஆட்டத்தின் பெயராயிற்று.

இனித் தரவரிசைக்கு வருவோம். உலகச் சாம்பியன் போட்டி 1927-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களுள் யார் முதல்வர், யார் பத்தாமவர் என்று வரிசைப்படுத்தும் பட்டியல் 1976-இல்தான் வந்தது. முந்தைய மூன்று உலகச் சாம்பியன் போட்டிகளின் முடிவுகளைக் கொண்டு அது தயாரிக்கப்பட்டது. வேல்ஸ் நாட்டின் ரே ரியர்டன் அதில் முதலிடம் பெற்றார். 1982 முதல் வேறு போட்டிகளின் முடிவுகளும் கணக்கில் சேர்ந்தன. இவ்வாறு பட்டியலுக்குக் கணக்காகும் போட்டியே தரவரிசைப் போட்டி. அவ்வாண்டில் ரியர்டன் தம் 50-ஆம் வயதில் அத்தகைய போட்டி ஒன்றை வென்றார். 1993-இல் ரானி ஓ'சல்லிவன் 18 வயது நிறைவதற்கு முன்பே இன்னொன்றை வென்றார். வயதை இப்பட்டியல் கேட்பதில்லை.

எடுத்துக்காட்டாக, 2013-இல் டெல்லியில் நடந்த இந்திய ஓப்பன் போட்டியைக் கொள்வோம். இந்தியாவில் நடந்த முதல் தரவரிசைப் போட்டி அது. 128 பேருக்கான அட்டவணை. ஒரு தோல்வியே வெளியேற்றம். ஆகவே கோப்பையைத் தொட ஏழு வெற்றிகள் வேண்டும். நான்கு ஃப்ரேம்களை முதலில் வெல்பவருக்கு ஆட்டம். இறுதியாட்டத்தில் மட்டும் ஐந்து. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீபன் மகுவையரை 4-3 என்று வென்று இறுதிக்கு வந்தார். தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதியாட்டத்தை எட்டிய முதல் இந்தியர் அவரே. அங்கே சீனாவின் டிங் ஜுன்ஹுய் 5-0 என்று வென்றார். அந்தப் பருவத்தில் டிங் ஐந்து தரவரிசைப் போட்டிகளை வென்று, ஸ்டீபன் ஹென்ட்ரியின் சாதனையைச் சமன் செய்தார்.

2014-15 பருவம் முதல், வெல்லும் பரிசுப் பணமே தரவரிசைப் புள்ளி. ஒரு பவுண்டுக்கு ஒரு புள்ளி. ஆனால் கடந்த இரண்டு ஆண்டுகளில் ஈட்டியதே கணக்கு. ஒருவர் ஒரு போட்டியில் 50,000 பவுண்டு வென்றார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அத்தொகை அவர் கணக்கிலிருந்து கழிந்துவிடும். அதற்கு ஈடாக அவர் புதிதாக ஏதும் வெல்லவில்லை என்றால் பட்டியலில் சரிவார். பட்டியலின் முதல் 16 பேர் ஷெஃபீல்டு நகரின் குரூசிபிள் அரங்கில் நடைபெறும் உலகச் சாம்பியன் போட்டிக்கு நேரே செல்வர்; ஏனையோர் தகுதிச் சுற்றுகளில் வென்று வர வேண்டும். பருவ முடிவில் முதல் 64 பேரின் இடம் நிலைக்கும். மற்றவர்களுள் இரண்டாண்டுத் தவணை முடிந்தவர் இடமிழப்பர். 2011 முதல் நடைபெறும் 'க்யூ ஸ்கூல்' என்னும் தகுதிப் போட்டியில் வென்றால் மீண்டும் இரண்டு ஆண்டு வாய்ப்பு.

இதிலே இரக்கமின்மையும் உண்டு. பயணச் செலவும் தங்கும் செலவும் ஆட்டக்காரரையே சாரும். தோற்றுத் திரும்புபவருக்குக் கடனே மிஞ்சலாம். தடியும் மேசையும் கைக்கு எட்டாதவர் ஏணியின் முதற்படியையே காண்பதில்லை. இருபத்திரண்டு ஆண்டுகள் மேசையருகே நின்ற என் தந்தை போட்டி என்று ஒன்றில் ஆடியதே இல்லை. எனினும் இதிலே நீதியும் உண்டு. பழைய வெற்றி என்றும் காப்பாற்றாது. பழைய தோல்வி என்றும் துரத்தாது. இங்கிலாந்தின் மேத்யூ செல்ட் 2002-இல் தொழில்முறைக்கு வந்தவர். முதல் தரவரிசைக் கோப்பையை அவர் வென்றது 2019-இல், நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கொச்சியில், இதே இந்திய ஓப்பனில்தான். பதினேழு ஆண்டுக் காத்திருப்பு!

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு முதல் பருவத் தேர்வில் கணிதத் துணைப்பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தது. வகுப்பில் பலருக்கு அது சிறு செய்தி. எங்கள் வீட்டிலோ பட்டம் என்பதையே யாரும் கண்டதில்லை. அரியர் என்றால் என்னவென்று சொல்லக்கூட எனக்கு நா எழவில்லை. படிப்பை நிறுத்திவிடலாமா என்றும் எண்ணினேன். ஒரு வாரம் கழித்து அப்பாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "தம்பி, ஒரு ஃப்ரேம் போச்சுன்னா நான் போர்டை சைபருக்குத் தள்ளிட்டு அடுத்த ஃப்ரேமுக்குப் பந்தை அடுக்குவேன். போனது ஃப்ரேம்தான், மேட்ச் இல்லை" என்றார். அடுத்த பருவத்திலேயே அந்தத் தாளில் தேறினேன்.

நண்பர்களே, மதிப்பெண் பட்டியலும் ஒரு தரவரிசையே. அது நாம் இன்று நிற்கும் இடத்தைக் காட்டும். நாம் யார் என்பதைக் காட்டாது. ஸ்நூக்கர் உலகம் தன் பட்டியலை இரண்டு ஆண்டுகளுக்குமேல் நம்புவதில்லை. நாமும் நம் பட்டியலை அந்த அளவுக்கு மட்டும் நம்பினால் போதும்.

டெல்லி, மும்பை, ஐதராபாத், விசாகப்பட்டினம், கொச்சி என்று இந்திய ஓப்பன் ஐந்து நகரங்களைக் கண்டது. விதிகள் எழுதப்பட்ட தமிழ்நாட்டுக்கு மட்டும் வரவில்லை. என்றேனும் வருமானால், முன்வரிசையில் ஓர் இருக்கை வாங்கி அதில் என் தந்தையை அமர்த்துவேன். அன்று ஒரு நாளாவது புள்ளிகளை வேறொருவர் எண்ணட்டும்.