ஊரும் ஒரு நூலே!

கி.பி. 1325ஆம் ஆண்டு. மொராக்கோ நாட்டுத் தான்ஜியர் நகரிலிருந்து ஓர் இளைஞர் தன்னந்தனியே புறப்பட்டார். வயது இருபத்தொன்று. ஹஜ்ஜை நிறைவேற்ற வேண்டும், வழியெங்கும் அறிஞர் பெருமக்களைச் சந்தித்துக் கல்வி பெற வேண்டும் என்பன அவருடைய நோக்கங்கள். அந்தப் பயணம் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீண்டது. நம் தமிழகக் கரையிலும் அவர் வந்திறங்கினார். மதுரையை அப்போது ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாமகானியைக் கண்டார். அந்நகரில் மக்களை வாரிக்கொண்டுபோன கொள்ளைநோயையும் நேரில் பார்த்து எழுதி வைத்தார். அவரே உலகம் புகழும் இப்னு பதூதா.

இருபத்தொன்று என்பது இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் இளங்கலைப் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கும் வயது. அவர்களுக்காக ஏற்பாடு செய்யப்படும் 'கல்விச் சுற்றுலா' எப்படி அமைகிறது? பெரும்பாலும் ஊட்டி அல்லது கொடைக்கானல். இரவு முழுவதும் பேருந்தில் பாட்டு, பகலில் படகுச் சவாரி, பை நிறையப் புகைப்படங்கள். பிள்ளைகள் மகிழ்ந்து திரும்புவதில் குற்றமில்லை. ஆனால், 'கல்வி' என்னும் சொல் அந்தச் சுற்றுலாவில் எங்கே இருக்கிறது?

கல்விக்காகப் பயணம் செய்வது நமக்குப் புதிதன்று. 'ரிஹ்லா' என்று அதற்குப் பெயரே உண்டு. ஒரே ஒரு ஹதீஸை நேரில் கேட்டறிவதற்காக ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரு மாத காலம் பயணம் செய்தார்கள் என்பதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். ஹதீஸ் தேடிச் சென்ற பயணங்களைப் பற்றியே கதீப் அல்-பக்தாதி தனி நூல் எழுதினார். ஏட்டில் இருப்பதை அது பிறந்த இடத்தில், அதை அறிந்தவர் வாயிலாகச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே இந்த மரபின் உயிர்நாடி.

இந்த மரபை இன்றைய கல்லூரி மாணவருக்கு மீட்டுத்தர முடியாதா? முடியும். மூன்று ஊர்களும் மூன்று நாள்களும் போதும்.

கீழக்கரையில் ஒரு நாள்

சீறாப்புராணம் என்றால் தமிழ் இலக்கிய மாணவருக்கு என்ன தெரியும்? 'ஆசிரியர் உமறுப்புலவர், விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்.' இவ்வளவுதான். தேர்வு முடிந்ததும் இதுவும் மறந்துபோகும்.

அதே மாணவரைக் கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் முன்னால் நிறுத்திப் பாருங்கள். வரிசையாகக் கல் தூண்கள். திராவிடக் கட்டடக் கலை. ஆனால், உருவச் சிற்பம் ஒன்றேனும் இல்லை. அதற்கு மாறாகப் பூக்களும் கொடிகளும் வடிவக் கோலங்களும் செதுக்கப்பட்டுள்ளன. உமறுப்புலவர் சொல்லால் செய்ததை இங்கே சிற்பிகள் கல்லால் செய்திருக்கிறார்கள் என்பதை விளக்க ஆசிரியர் விரிவுரை ஆற்ற வேண்டியதில்லை. கண்ணே ஆசிரியராகிவிடும்.

இக்காப்பியம் பாடத் தூண்டுகோலாக இருந்த வள்ளல் சீதக்காதியும், அரபு மூலச் செய்திகளோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படும் மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களும் அடங்கியிருப்பது இவ்வூரிலேயே. வணிகரின் செல்வம், ஆலிமின் அறிவு, புலவரின் தமிழ் மூன்றும் சேர்ந்தே ஒரு காப்பியம் உருவாயிற்று என்பது அங்கே விளங்கும்.

ஆய்வு என்றால் என்ன என்பதற்கும் கீழக்கரை நல்ல பாடம். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று ஊர் சொல்கிறது. டச்சு வணிகக் கம்பெனியின் 17ஆம் நூற்றாண்டு ஆவணங்களோ பெரியதம்பி மரக்காயர் என்ற பெருவணிகரைப் பற்றிப் பேசுகின்றன. இருவரும் ஒருவர்தாமா, உறவினரா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மக்கள் நினைவையும் ஆவணத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கவும், அவசரப்பட்டு ஒன்றைத் தள்ளிவிடாமல் இருக்கவும் மாணவர் அங்கே கற்பார்.

எட்டயபுரமும் காயலும்

இரண்டாம் நாள் எட்டயபுரம். கரிசல் மண், வானம் பார்த்த பூமி. உமறுப்புலவர் அடங்கியிருப்பது இங்கேதான். சீறாவின் நாட்டுப்படலத்தை முன்பே படித்துவிட்டு வந்த மாணவருக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். பாலை நிலமாகிய அரபு நாட்டில் வெள்ளம் பெருகுவதாகவும் நெல் விளைவதாகவும் புலவர் ஏன் பாடினார்? மூன்றாம் நாள் தாமிரபரணிப் பாசனப் பகுதிக்குள் பேருந்து நுழைந்து, இருபுறமும் பச்சை வயல் விரியும்போது விடையின் ஒரு பகுதி கிடைத்துவிடும். தமிழர் அறிந்த வளத்தைக் கொண்டே அண்ணலார் பிறந்த நாட்டை அவர் அழகுபடுத்தினார். தமிழ்க் காப்பிய மரபும் அதையே எதிர்பார்த்தது.

அதே ஆற்றின் முகத்துவாரத்தில் பழையகாயல் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயல்' என்று வருணித்த பெரும் துறைமுகம் அது. அரபு நாட்டுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கிய இடத்தில் இன்று அந்தத் துறைமுகம் இல்லை. ஆறு கொண்டுவந்த வண்டல் துறையைத் தூர்த்தது. ஒரு நகரம் அழிவதற்குப் போர் வேண்டியதில்லை, மண் படிந்தாலே போதும் என்ற உண்மையை அந்தக் கரையில் நின்றால்தான் உணர முடியும்.

அடுத்து காயல்பட்டினம். குத்பா பெரியபள்ளி, குத்பா சிறுபள்ளி ஆகியவற்றில் பழங்காலக் கட்டடக் கலையைக் காணலாம். அரபுக் கல்வெட்டுகள் பொறித்த மீசான் கற்களும் அவ்வூரில் உண்டு. இவற்றையெல்லாம் அளந்து, வரைபடமாக்கி, 2003இல் நூலாக வெளியிட்டவர் யார் தெரியுமா? மெஹ்ரதாத் ஷொகூஹி என்னும் ஈரானிய அறிஞர்! எங்கிருந்தோ வந்தவர் அளந்த தூண்களை, அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர் எத்தனை பேர் நின்று பார்த்திருப்பர்?

பெண் பிள்ளைகளே செய்யக்கூடிய பணி

'ஆண் பிள்ளைகள் போகட்டும். பெண்ணை எப்படி அனுப்புவது?' என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் திருமணத்துக்குப் பின் மணமகன் மணமகள் வீட்டுக்குச் செல்வதே வழக்கம். வீடு பெண்மக்களுக்கே உரியது. பெண்கள் நடமாடுவதற்கென்றே அமைந்த குறுகிய சந்துகளும் பெண்களுக்கான தைக்காக்களும் அங்கே உண்டு. ஊர் வரலாற்றின் சரிபாதி அந்தச் சுவர்களுக்குள்ளேதான் வாழ்கிறது. தாலாட்டும், மாலைகளும், பாட்டிமார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபுகளும் அங்கே இருக்கின்றன. எவ்வளவு பெரிய பேராசிரியரானாலும் ஓர் ஆண் அந்த முற்றத்துக்குள் நுழைய முடியாது. ஆசிரியையோடு செல்லும் பத்தொன்பது வயதுப் பெண்ணை 'வாம்மா' என்று உள்ளே அழைத்து உட்கார வைப்பார்கள். அவள் எழுதாவிட்டால் அந்த வரலாற்றை எழுதுவதற்கு வேறு எவரும் இல்லை.

காலம் காத்திராது

அரபுத்தமிழ் என்பது அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ். அரபியில் இல்லாத ட, ப, ள, ழ போன்ற ஒலிகளுக்காக, உள்ள எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்து நம் முன்னோர் புதிய எழுத்துகளை உண்டாக்கினர். அதைச் சரளமாக வாசிக்கத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர். பரணில் கிடக்கும் கையெழுத்துப் பிரதிகளைக் கரையான் அரிக்கிறது. பழைய பள்ளிகளைப் புதுப்பிக்கும்போது, நல்லெண்ணத்தோடுதான் என்றாலும், கல் தூணுக்கு வண்ணம் பூசுகிறோம். எழுத்துள்ள கல்லைப் பளிங்கால் மூடுகிறோம். இழந்தபின் வருந்திப் பயனில்லை.

எனவே, கல்லூரிகள் இப்பயணத்தை முறையாக வகுக்கட்டும். புறப்படுமுன் ஒரு மாதம் வாசிப்பு. ஊர் ஜமாஅத்தின் முன் அனுமதி. அங்கே சென்றதும் வரைபடம் வரைதல், கல்வெட்டைப் படியெடுத்தல், பெரியவர்களின் நினைவுகளை அவர்கள் சம்மதத்தோடு பதிவு செய்தல். பழஞ்சுவடியைப் படம் எடுக்கலாம், எடுத்துச் செல்லலாகாது. திரும்பிவந்து எழுதும் கட்டுரையின் ஒரு படியை அந்த ஊர் நூலகத்துக்கே அனுப்ப வேண்டும். கேட்டுப் பெற்றதைத் திருப்பித் தருவதும் ஓர் அமானிதமே.

ஜமாஅத்தினர் பள்ளியின் ஓர் அறையைத் தங்கக் கொடுத்தால் பாதிச் செலவு மிச்சம். பெற்றோர் 'போய்வா' என்று துஆச் செய்து அனுப்பினால் மீதித் தடையும் நீங்கும்.

அடுத்த முறை உங்கள் பிள்ளை கல்லூரிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கும்போது, 'எங்கே போகிறீர்கள்?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'என்ன படித்துவரப் போகிறீர்கள்?' என்றும் கேளுங்கள். அதற்கு முன், உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் பழைய கிதாபை ஒருமுறை இறக்கித் தூசி தட்டிப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், பிள்ளையின் முதல் ஆய்வுப் பயணம் அங்கிருந்தே தொடங்கலாம்.