திரையில் 36, தாளில் 34

ரவிக்கை பேட்டர்னை இணையத்தில் காசு கொடுத்து வாங்கி, பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்துத் துணியில் வைத்து வெட்டுகிற தையல்காரர்கள் உண்டு. வெட்டிய பிறகு இஞ்ச் டேப்பை வைத்தால் 36 அங்குல மார்பளவு 34-க்கும் கீழே நிற்கும். துணி போனது போனதுதான்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது பிரிண்ட் செட்டிங்கை. கோப்பு ஏ4 அளவில் இருக்கும். கம்ப்யூட்டரில் லெட்டர் தாள் தேர்வாகியிருக்கும். ஏ4 உயரம் 297 மி.மீ., லெட்டர் 279.4. 'ஃபிட்' என்ற கட்டளை முன்னதைப் பின்னதற்குள் அடக்க, படம் 94 சதவீதமாகிவிடும். தாளை ஏ4 ஆக்கி, 'ஆக்சுவல் சைஸ்' கொடுத்தால் தீர்ந்தது.

கோப்பிலேயே கோளாறு இருந்தால்தான் தலைவலி. இங்க்ஸ்கேப் மென்பொருள் முன்பு ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்று கணக்கு வைத்திருந்தது. 2017-ல் வந்த 0.92 பதிப்பில் அது 96 ஆனது. பழைய படத்தைப் புதிய கணக்கில் திறந்தால் 93.75 சதவீதம். இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளின் 72 பிக்சல் கணக்கில் வந்த எஸ்விஜி படம் என்றால் 75 சதவீதம் வரை இறங்கலாம்.

94-ஐயும் 93.75-ஐயும் ஸ்கேல் வைத்துப் பிரித்தறிய முடியாது. அதனால், படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. என்று குறித்த கோடு இருக்கட்டும். மென்பொருளிலேயே அது 93.75 என்று காட்டினால் கோப்பின் குற்றம். படம் முழுவதையும் 106.67 சதவீதமாகப் பெரிதாக்குங்கள். திரையில் 100, தாளில் 94 என்றால் செட்டிங்கின் குற்றம். ஜெராக்ஸ் மெஷினில் பெரிதாக்கிச் சமாளிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த பிரிண்டிலும் அதே தப்பு வரும்.

அச்சகத்தில் கொடுக்கும்போது அளவை ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். ஒரு தாள் புரூஃப் வாங்கி, அளந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தப்பான புரூஃபில் நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் அச்சகத்தைக் குறை சொல்வது கடினம். எழுதிக் கொடுத்த அளவை அவர்கள் மாற்றியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி அதைச் சேவைக் குறைபாடு என்று கேட்கலாம். வணிகத்துக்காகப் பெற்ற சேவைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. சுயதொழிலாகப் பிழைப்பு நடத்துபவருக்கு விலக்கு உண்டு என்றாலும், சட்டம் அதை வாங்கிய பொருளுக்கு மட்டுமே சொல்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம். மாவட்ட ஆணையத்துக்குப் போவதானால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில், புரூஃப், தப்பாக வந்த பிரதி மூன்றும் கையில் இருக்கட்டும்.