ஜப்பானிய மொழி படிக்கலாம், வாருங்கள்!

திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது வேங்கிக்கால். மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் உள்ள இடம். இங்கே நர்சிங் படித்த ஒரு பெண் ஜப்பானுக்கு வேலைக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். நர்சிங் படிப்பு மட்டும் போதுமா? போதாது. பாஷை தெரியவேண்டும்.

தொழில் தெரிந்தவர்களை அனுப்புவது பற்றி இந்தியாவும் ஜப்பானும் 2021 ஜனவரியில் ஒப்பந்தம் செய்துகொண்டன. முதியோரைக் கவனிக்கும் வேலையும் அதில் உண்டு. அதற்கு ஜப்பானிய மொழித் தேர்வில் "என்-4" படியில் தேறவேண்டும். அல்லது அதற்கு ஈடான வேறு தேர்வில் தேறவேண்டும். மொத்தம் 5 படிகள். என்-5 எளிது. என்-1 மிகவும் கடினம். சென்னையில் இந்தத் தேர்வு நடக்கிறது.

எது சுலபம்?

"வதாஷி வா ஹோன் ஓ யோமிமாஸ்." இதன் பொருள், "நான் புத்தகத்தை வாசிக்கிறேன்."

"ஹோன்" என்றால் புத்தகம். "புத்தகத்தை" என்பதில் "ஐ" செய்யும் வேலையை "ஓ" செய்கிறது. வினைச்சொல் கடைசியில் வருகிறது. அப்படியே தமிழ் மாதிரி! ஆங்கிலத்தின் வழியாகப் படித்தால், வாக்கியத்தைக் கலைத்து மறுபடி அடுக்கவேண்டும். தமிழில் பொருள் பார்த்தால் அந்த வீண் சுற்று இல்லை.

குறில், நெடிலும் நமக்குப் பழக்கம். "ஒபசன்" என்றால் அத்தை. "ஒபாசன்" என்றால் பாட்டி. நீட்ட மறந்தால் பாட்டி அத்தை ஆகிவிடுவார்!

எது கஷ்டம்?

எழுத்துதான். அதில் மூன்று வகை. ஹிரகானா 46, கத்தகானா 46. இவை ஒலி எழுத்துகள். 247 எழுத்து படித்த நமக்கு இது பெரிதல்ல.

மூன்றாவது வகை "கான்ஜி". சீனாவிலிருந்து வந்தது. பொதுப் புழக்கத்துக்கென்று 2010-ல் ஜப்பான் அரசு வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள்! தொல்லை அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு "நிச்சியோபி" என்று பெயர். அதன் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒன்றே. அது சூரியனைக் குறிக்கும் எழுத்து. ஆனால் முதலில் "நிச்சி" என்றும், கடைசியில் "பி" என்றும் படிக்கவேண்டும். தலை சுற்றுகிறது அல்லவா?

இன்னொரு பள்ளம்: பாடத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிவைப்பது. சாவிக்கும் சிப்பிக்கும் ஜப்பானியச் சொற்கள் ஓசையில் வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் "ககி" ஆகிவிடும்!

என்ன செய்யலாம்?

முதலில் ஹிரகானாவைக் கையால் எழுதிப் பழகுங்கள். பிறகு தமிழ் எழுத்துக் குறிப்பை விட்டுவிடுங்கள். கான்ஜியைத் தனித்தனியாக உருப்போடாமல் சொல்லோடு சேர்த்துப் படியுங்கள். தினம் நாலைந்து போதும். நேற்றுப் படித்ததை இன்றும் எழுதுங்கள்.

வாய்விட்டுப் பேசுங்கள். என்-4 தேர்வில் பேச்சுக்குக் கேள்வி கிடையாது. ஆகவே தேறியவருக்கும் வாய் திறக்காமல் போகலாம். ஆனால் அங்கே கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி "இதாய்" என்று முனகுவார். "வலிக்கிறது" என்று அர்த்தம். அதைப் புரிந்துகொண்டு, "எங்கே வலிக்கிறது, பாட்டி?" என்று கேட்கத் தெரியவேண்டும். படித்த படிப்பு அப்போதுதான் பயன்படும்.