வைரத் தோடு வாங்கப் போகிறீர்களா?

எருத்தேன்பதி வீட்டுப் பழைய தோடு சொன்ன கணக்கு

எருத்தேன்பதியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று. வீட்டுக்காரர் தென்னந்தோப்பில் கணக்கு எழுதுகிறவர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாதாமாதம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் செலுத்திய கே.எஸ்.எஃப்.இ. சிட்டிப் பணம் கைக்கு வந்திருந்தது. அதில் ஒரு பங்கை மகளின் காதுக்கு ஒதுக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மூத்த மருமகள் வைரக் கம்மல் போட்டு வந்தவள் என்று பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. அது போதாதா?

"ஏனுங்க, பவுன்னா விலை தெரியும், எடை தெரியும். வைரம்னா ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு எட்டு கூட வாங்க" என்று என்னை அழைத்தார்.

புறப்படும் நேரத்தில் அவர் மனைவி உள்ளே போய், பழைய பவுடர் டப்பா ஒன்றை எடுத்து வந்தார். பஞ்சுக்குள் ஒரு ஜோடி ஏழு கல் தோடு. எண்ணெய் இறங்கி மங்கிக் கிடந்தது.

"எங்க அத்தையோடதுங்க. புளூ ஜாகர்னு சொல்லுவாங்க. இதைக் குடுத்துட்டு மேலே பணம் போட்டுப் புதுசு எடுத்துக்கச் சொல்றாரு கடைக்காரரு. குடுத்துரலாமுங்களா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிய கதைதான் இது.

புளூ ஜாகர் என்பது என்ன?

நம் பாட்டிமார் மரியாதையோடு சொன்ன இந்தப் பெயர் தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ஜாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம். 1893-ல் 995 காரட் எடையுள்ள 'எக்செல்சியர்' என்ற பெரிய வைரம் கிடைத்தது அங்கேதான். அந்தச் சுரங்கத்துக் கற்கள் சிலவற்றில் வெயில் பட்டால் மெல்லிய நீலச் சாயல் தெரியும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டு, கல்லே நீலமாக ஒளிர்வதுதான் காரணம். தமிழ்நாட்டில் அந்தச் சாயலுக்குத் தனி மவுசு. வெள்ளைக் கல்லை விடக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினார்கள்.

சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று ஒருவர் 'புதிய சரக்கு, புளூ ஜாகர்' என்று சொன்னால், அது ஊர்ப் பெயர் அல்ல, வெறும் விற்பனைப் பெயர் என்று கொள்ளுங்கள். இன்னொரு வேடிக்கை. பாட்டி கூடுதல் விலை கொடுத்த அதே நீல ஒளிர்வு மிகுதியாக இருந்தால், இன்றைய உலகச் சந்தையில் நல்ல வெள்ளைக் கல்லுக்கு விலை குறைகிறது. சில கற்களில் அது பால் கலந்தாற்போல மங்கல் காட்டும் என்பதால் இந்தக் குறைப்பு. மங்கல் இல்லாத கல்லானால் வாங்குகிறவருக்கு லாபம். விற்கப் போகிறவருக்குத்தான் ஏமாற்றம்.

கல்லில் குற்றம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை மதுரை ரத்தினக் கடைவீதியை வருணிக்கும்போதே வைரத்தின் குற்றங்களைச் சொல்கிறது. காக்கைக் கால் போன்ற கீறல், கறை, புள்ளி, கோடு எல்லாம் அதில் உண்டு. கரும்புள்ளி உள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்று இன்றும் பெண்கள் அஞ்சுகிறார்கள். மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்த்து, நல்லது கெட்டது கவனித்து, பிறகு பணம் கொடுத்த வழக்கமும் உண்டு. ஆகும், ஆகாது என்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் மூன்று நாள் கல்லைக் கையில் வைத்துப் பார்ப்பதில் வேறொரு நன்மை இருந்தது. கடை விளக்கை விட்டு வெளியே வந்த கல்லை வீட்டு வெளிச்சத்தில் பார்க்க முடிந்தது.

கடை விளக்கில் மயங்க வேண்டாம்

நாங்கள் போன முதல் கடையில் தலைக்கு மேலே வரிசையாக விளக்குகள். அந்த வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லும் மின்னும். கல்லை வாசல் பக்கம் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பார்க்கக் கேட்டோம். சிப்பந்தி முகம் சுளித்தாலும் மறுக்கவில்லை. மஞ்சள் சாயல் இருந்தால் காகிதத்தில் தெரிந்துவிடும்.

வைரத்துக்கு நாலு அளவுகோல்: எடை, நிறம், தெளிவு, பட்டை தீட்டிய விதம். நிறத்தை ஆங்கில எழுத்துகளால் 'டி' முதல் 'இசட்' வரை தரம் பிரிக்கிறார்கள். 'டி' சுத்த வெள்ளை. இறங்க இறங்க மஞ்சள் கூடும். தெளிவுக்கு வி.வி.எஸ்., வி.எஸ்., எஸ்.ஐ. என்று படிகள். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்சில் பார்த்து இந்தத் தரத்தைச் சொல்கிறார்கள். காதுத் தோட்டை யாரும் லென்ஸ் வைத்துப் பார்க்கப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத குற்றத்தை நீக்கக் கூடுதல் பணம் கொட்டுவதை விட, நன்றாகப் பட்டை தீட்டிய கல்லுக்குக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். மின்னுவது பட்டையால்தான். வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 பட்டைகள். கோணம் தவறினால் வெளிச்சம் அடிவழியே போய்விடும்.

எடைக்கு வருவோம். இங்கேதான் படித்தவர்களும் தடுக்கி விழுகிறார்கள். தங்கத்தில் காரட் என்றால் சுத்தம். வைரத்தில் காரட் என்றால் எடை. இரண்டுக்கும் ஒரே சொல்! ஒரு காரட் 200 மில்லிகிராம். அதை நூறு சென்ட்டாகப் பிரிப்பார்கள். பத்து சென்ட் வட்டக் கல் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு காரட் கல் ஆறரை மில்லிமீட்டர்.

ஏழு கல் தோடு ஒரு ஜோடிக்கு 14 கற்கள். ஒவ்வொன்றும் ஏழு சென்ட் என்றால் மொத்தம் 98 சென்ட்; 'ஒரு காரட் தோடு' என்பார்கள். அரை காரட் ஒற்றைக்கல் தோடு ஒரு ஜோடியும் மொத்தம் ஒரு காரட்தான். ஆனால் விலை ஒன்றல்ல. கல் பெரிதாக ஆக, ஒரு காரட்டுக்கான விலையே ஏறிக்கொண்டு போகும். எனவே 'மொத்தம் இத்தனை காரட்' என்ற கணக்கை மட்டும் வைத்து இரண்டு கடைகளை ஒப்பிடாதீர்கள். ஒரு கல் எத்தனை சென்ட், அந்த அளவுக்குக் காரட் விலை என்ன என்று கேளுங்கள்.

தங்கத்தைக் கல்லோடு சேர்த்து நிறுக்க விடவும் கூடாது. 6.200 கிராம் தோட்டில் ஒரு காரட் கல் இருந்தால் தங்கம் 6 கிராம்தான். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். வைர நகை பெரும்பாலும் 18 காரட் தங்கத்தில்தான் வருகிறது. கல்லை இறுகப் பிடிக்கக் கெட்டியான தங்கம் வேண்டும் என்பது காரணம். அதில் குற்றமில்லை. ஆனால் 18 காரட் தங்கத்துக்கு 22 காரட் விலை போட்டிருந்தால் குற்றம். ஹால்மார்க்கில் 750 என்றிருந்தால் 18 காரட், 916 என்றிருந்தால் 22. கூடவே ஆறு இலக்க அடையாள எண் இருக்கும், பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சின்ன ஒற்றைக்கல் தோட்டில் முத்திரை இல்லாமல் போவது அதனால்தான். இன்னொன்று: ஹால்மார்க் சான்று சொல்வது தங்கத்துக்கு மட்டுமே. கல்லைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

அசலா, ஆலையில் விளைந்ததா?

'அமெரிக்கன் டைமண்ட்' வைரமும் அல்ல, அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமும் அல்ல. கியூபிக் சிர்கோனியா என்ற செயற்கைக் கல். 1976-ல்தான் பெரிய அளவில் வியாபாரத்துக்கு வந்தது. அதே அளவு வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்தில் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டிப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். அது ஒரு நல்ல கைத்தொழில். வைரம் என்று சொல்லி விற்றால்தான் மோசடி.

ஆலை வைரம் வேறு சமாச்சாரம். அது போலி அல்ல. நிலத்தடி வைரம் போலவே கரி அணுக்களால் ஆனது. அதே கடினம், அதே மினுக்கு. சூரத்தில் இது பெரும் தொழிலாகிவிட்டது. இதை வளர்க்கும் ஆராய்ச்சிக்காகச் சென்னை ஐ.ஐ.டி.க்கு மத்திய அரசு 2023-ல் 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல முடியாது. கடையில் பேனா போன்ற கருவியை வைத்து 'பீப்' என்று ஒலி எழுப்பிக் காட்டுவார்கள். அந்தச் சாதாரணக் கருவி வெப்பம் கடத்துவதை மட்டும் பார்ப்பது. ஆலை வைரத்துக்கும் அதே ஒலிதான். மொய்சனைட் என்ற வேறொரு கல்லும் அதை ஏமாற்றிவிடும். கண்ணாடியில் கீறிப் பார்ப்பதும் பயனற்ற வேலை. கண்ணாடியைக் கீற எத்தனையோ கற்களால் முடியும்.

ஆலை வைரத்தின் விலை சில ஆண்டுகளில் வெகுவாகச் சரிந்துவிட்டது. அழகுக்குப் போதும் என்பவர்கள் தெரிந்தே வாங்கலாம். ஆனால் அதை நிலத்தடி வைர விலைக்கு வாங்கிவிடக் கூடாது. பில்லில் 'இயற்கை வைரம்' அல்லது 'ஆலை வைரம்' என்று ஒரு சொல் இருக்கட்டும். பெரிய கல் என்றால் ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வுக்கூடச் சான்றிதழ் கேளுங்கள். ஏழு சென்ட் கல்லுக்கெல்லாம் தனித்தனிச் சான்று பொதுவாகக் கிடைக்காது. நகை முழுவதற்கும் ஒன்று தருவார்கள்.

அவசரத்துக்கு உதவுமா?

நண்பரிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். நம்மைப் போன்ற சம்பளக்காரர்கள் நகை வாங்குவது காதுக்கும் கழுத்துக்கும் மட்டுமல்ல. ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக்கூடக் கட்டணம், தோப்பில் வேலையில்லாத மாதம் எல்லாவற்றுக்கும் அடகுக் கடையை நம்புகிறோம். வைரத் தோட்டை அடகு வைக்கக் கொண்டுபோனால் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டும் கடன் தருவார்கள். ரிசர்வ் வங்கியின் விதியும் அதுவே. ஒரு லட்சம் கொடுத்து வாங்கிய தோட்டில் முக்கால் பங்கு கல்லின் விலை என்றால், அவசரத்துக்கு அந்த முக்கால் பங்கு இல்லாத பணம்.

தங்கத்துக்கு அன்றன்று விலை உண்டு. எந்த ஊரிலும் அதே விலைதான். கல்லுக்கு அப்படி இல்லை. விற்ற கடையே திருப்பி எடுத்தால் உண்டு. அதுவும் ரொக்கமாகத் தந்தால் ஒரு கழிவு, வேறு நகையாக எடுத்தால் ஒரு கழிவு. இதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

எல்லையில் இருக்கும் நமக்கு ஒரு கவலை உண்டு. எருத்தேன்பதிக்காரர் பொள்ளாச்சியிலோ கோவையிலோ வாங்குகிறார். இடுக்கித் தோட்டத் தொழிலாளி கம்பத்திலோ தேனியிலோ வாங்குகிறார். தகராறு வந்தால் எந்த மாநிலத்தில் போய் நிற்பது? 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கடை கோவையில் இருந்தாலும் பாலக்காட்டு ஆணையம் விசாரிக்கும். வாங்கிய தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். உதவிக்கு 1915 என்ற எண். ஆனால் கையில் பில் இல்லாதவருக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். வரி மிச்சம் என்று துண்டுச் சீட்டில் வாங்குகிறவர்கள் அந்த மூன்று சதவீதத்துக்காக முழுப் பணத்தையும் பணயம் வைக்கிறார்கள்.

பதினாலாவது கல்

பழைய தோட்டுக்கு முதல் கடையில் சொன்ன விலை, தங்கத்துக்கு மேல் சொற்பமே. "பழைய பட்டைங்க, இப்ப போகாது" என்றார்கள். நண்பர் கொடுத்துவிடத் தயாராகத்தான் இருந்தார். அம்மாள்தான் டப்பாவை மடியை விட்டு எடுக்கவில்லை.

கல் கட்டும் ஆசாரி ஒருவரிடம் போனோம். அவர் முதலில் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் தோட்டைப் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்தார். வைரத்துக்கு எண்ணெய்ப் பசையை ஈர்க்கும் குணம் அதிகம். கிம்பர்லி சுரங்கத்தில் பசை தடவிய மேஜை மேல் மண்ணையும் தண்ணீரையும் ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பொறுக்கியெடுத்ததுகூட உண்டு. பின்பக்கம் மூடிய கட்டடத்தில் இத்தனை வருட எண்ணெயும் சோப்பும் அடைத்திருந்தன. கழுவியதும் அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கற்களைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பினோம். பதிமூன்று இயற்கை வைரம். பெரும்பாலானவற்றில் நீல ஒளிர்வு. பதினாலாவது கியூபிக் சிர்கோனியா.

அம்மாள் வெகுநேரம் யோசித்தார். "ஒருக்கா தோட்டுல கல் விழுந்துருச்சுன்னு அத்தை கட்டக் குடுத்தாங்க. நான் கல்யாணமாகி வந்த புதுசுங்க" என்றார். செய்தவர் யார், தெரிந்து செய்தாரா என்று இனிக் கேட்பதற்கு ஆளில்லை. அன்றைக்குக் கல் எண்ணிக்கையையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி வாங்கியிருந்தால் கேட்டிருக்கலாம். நாங்கள் எழுதி வாங்கிக்கொண்டோம்.

ஏழு சென்ட்டில் ஒரு கல் மட்டும் புதிதாக வாங்கினார்கள். நீலச் சாயலுக்கு இணையான கல் தேட மூன்று நடை ஆயிற்று. பின்பக்கம் திறந்த கட்டடமாக, கெட்டியான திருகாணியோடு மகளுக்குக் கட்டிக் கொடுத்தார் ஆசாரி. ஒதுக்கிய பணத்தில் பெரும் பகுதி மிஞ்சியது. அதில் நாலு பவுனில் ஒரு சங்கிலி.

கழற்றிய வெள்ளைக் கல்லை அம்மாள் எறியவில்லை. "அத்தை காதுல இருந்ததாச்சேங்க" என்று அதே பவுடர் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்துவிட்டார்.